ஒரு குதிரைவாலி அரிசி அளவு

மரிய வேணி பிறந்தது அருப்புக்கோட்டையில், தறி போட்டிருந்த குடும்பத்தில். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ், வெள்ளிக்கிழமை சௌடேஸ்வரி அம்மன். நூற்பாலையில் கூட வேலை பார்த்த அருளானந்துவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கி, பெயருக்கு முன்னால் மரியாளைச் சேர்த்துக்கொண்டாள். திருச்சுழிக்குத் தெற்கே வெள்ளூரணிப்பட்டிக்கு வாழ வந்து பதினொரு வருடம் ஆகிறது. புதுச் சாமியை அவள் முழு மனதோடுதான் ஏற்றுக்கொண்டாள். செபமாலை, தவக்காலம், வேளாங்கண்ணிக்கு நடை என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம் மட்டும் அவளிடம் இருந்தது. புரியாததைக் கேட்டுவிடுவாள். பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவர்களாக இருந்த மற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் மூன்றாம் வகுப்பு மறைக்கல்வியோடு போய்விட்டிருந்தது.

அவளுக்கு ஒரே மகள், சகாய பிருந்தா. ஆறு வயதில் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, எட்டு வயதில் பதினாறு கிலோ இருந்தாள். கைமருந்து, மந்திரிப்பு எல்லாம் முடிந்து, கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மா ரத்தமும் குடலும் சோதித்துப் பார்த்து, கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்தார். இனி ஆயுசுக்கும் கோதுமை கூடாது, ஒரு தூள்கூட உள்ளே போகக் கூடாது என்றார். வேணிக்குப் பாதி பயம் அங்கேயே போய்விட்டது. கம்பும் குதிரைவாலியும் விளைகிற ஊரில் கோதுமைக்கு என்ன வேலை? பரோட்டா, பிஸ்கட், ரவை, சேமியா எல்லாவற்றையும் நிறுத்தினாள். ஆறு மாதத்தில் பிள்ளைக்கு நான்கு கிலோ ஏறியது. முடி அடர்ந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள்.

அந்த வருடம்தான் பிருந்தாவுக்குப் புதுநன்மை வந்தது. ஊரில் எட்டுப் பிள்ளைகள், வெள்ளை உடுப்புப் போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். நற்கருணை அப்பம் கோதுமையில் செய்வது.

வேணி பங்குச்சாமி இன்னாசியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். குதிரைவாலி மாவில் அப்பம் செய்யலாமா என்று கேட்டாள். தானே சுத்தமாகக் குளித்து, நோன்பிருந்து செய்து தருவதாகவும் சொன்னாள். இன்னாசிக்கு முப்பத்திரண்டு வயது. நல்ல மனிதர். முத்திரை போட்ட கடிதங்களுக்கு மட்டும் பயப்படுவார். அவர் முகம் வெளிறிப்போய், இது தன் கையில் இல்லை என்று சொல்லி மறைமாவட்டத்துக்கு எழுதினார். மறைமாவட்டம் அதைத் தொன்மை இறையியல் மன்றத்துக்கு அனுப்பியது. மன்றம் தாயை நேரில் வரச் சொன்னது.

மன்றம் காரியாபட்டியைத் தாண்டி, மதுரை ரோட்டில் பதினாறு ஏக்கரில் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடுக்காலத்தில், எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவில் ஓர் இறையியல் பள்ளி இருந்தது. அங்கே எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். முதலில் கேள்வி. பிறகு தவறான விடை, அதற்கு ஆதரவாகச் சில காரணங்கள். பிறகு, 'ஆனால் இதற்கு எதிராக' என்று ஒரு மேற்கோள். அப்புறம்தான் சரியான விடை. கடைசியில் தவறான காரணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பு. அந்தப் பள்ளியை நடத்தியவர்கள் பெரிய அறிவாளிகள். பெரிய விஷயங்களைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டவர்கள். காரியாபட்டி வரைக்கும் வந்து சேர்ந்தது அந்த வரிசைமுறை மட்டும்.

வேணி போன அன்று, பார்வையாளர் கழிப்பறைக் கதவில் தட்டச்சு செய்த தாள் ஒட்டியிருந்தது. 'இக்கழிப்பறை பயன்பாட்டில் உள்ளதா? உள்ளது என்று தோன்றுகிறது. ஏனெனில், ஒன்று, கதவு இருக்கிறது. இரண்டு, கழிப்பறையின் நோக்கம் பயன்பாடே. நோக்கம் ஒருபோதும் அற்றுப்போவதில்லை. ஆனால் இதற்கு எதிராக, தண்ணீர் இறங்குவதில்லை. விடை: இது உட்பொருளில் கழிப்பறையாகவே இருக்கிறது, புறத்தன்மையில் மட்டும் அடைத்திருக்கிறது.' அடியில் போட்டிருந்த தேதி பதினொரு மாதம் முந்தையது. விடைக்கு வருவதற்கு முன்பே வாடை வேணியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டது.

குளிரூட்டிய அறையில் ஐந்து குருக்கள் அமர்ந்திருந்தார்கள். பேசியவர்கள் இருவர். தலைவர் முனைவர் பெலவேந்திரம், எழுபது வயது. செயலர் முனைவர் தனிஸ்லாஸ், ரோமாபுரியில் ஒன்பது வருடம் படித்து, அந்தப் பள்ளியின் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுநூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவர்.

"ஏன் கோதுமை என்று கேட்கிறாய், மகளே. நல்ல கேள்வி" என்று பெலவேந்திரம் ஆரம்பித்தார். "நாற்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியை யாரும் கேட்டுவிடாமல் நாங்கள் பாதுகாத்து வருகிறோம்."

வேணி கைகட்டி நின்றபடியே கேட்டாள். "பூசையில சாமி வசனம் சொன்ன பொறகு, அப்பத்துல கோதுமை இருக்குமா இருக்காதா சாமி?"

"இருக்காது. உட்பொருள் முழுவதும் மாறிவிடும். அங்கே இருப்பவர் ஆண்டவர் மட்டுமே."

"அப்ப எம்புள்ள வாங்குனா வயித்துக்கு ஒண்ணும் செய்யாதுல்ல?"

"செய்யும்" என்றார் தனிஸ்லாஸ். "உட்பொருள்தான் மாறுகிறது. புறத்தன்மைகள் அப்படியே நிற்கும். கோதுமையின் நிறம், மணம், சுவை, வயிற்றைக் கெடுக்கும் ஆற்றல்."

"மாறிப்போற கோதுமைக்குப் பதிலா குதிரைவாலியா இருந்தா, அது மாறாதா சாமி?"

"மாறாது."

"ஏன் சாமி?"

"அது கோதுமை இல்லை" என்றார் தனிஸ்லாஸ். மற்ற நால்வரும் திருப்தியோடு தலையசைத்தார்கள்.

இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கிண்ணத்திலிருந்து திராட்சை இரசம் மட்டும் கொடுக்கத் திருச்சபையில் வழி இருக்கிறது. ஆயர் ஒரு வரி எழுதினால் போதும் என்று, வேணிக்குத் துணையாக வந்திருந்த இன்னாசி சாமி எங்கோ படித்திருந்தார். அதை அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஆயர் மன்றத்தைக் கேட்காமல் வரிகள் எழுதுவதில்லை என்றும், கிண்ணத்தைப் பற்றிய கேள்வி வேறொரு குழுவிடம் இருக்கிறது என்றும், அந்தக் குழுவில் மூவரில் இருவர் காலமாகிவிட்டதால் விவாதம் சமநிலையில் நிற்கிறது என்றும் பதில் வந்தது.

மூன்று மணி நேரம் கழித்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆண்டவர் அப்பத்தின் ஒவ்வொரு துணுக்கிலும் முழுமையாக இருக்கிறார். ஆகவே பிள்ளைக்கு ஒரு துணுக்கு போதும். ஆனால் அப்பம் என்று கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிட்டால் அதில் ஆண்டவர் இருக்கமாட்டார். ஆகவே துணுக்கு அப்பமாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாகவும், கோதுமையாக வேலை செய்யாத அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும். அந்த அளவைப் பிடிக்கச் சமையலறையிலிருந்து கடுகு, கேழ்வரகு, கசகசா என்று தட்டில் வந்தன. கடைசியில், தாயின் உணர்வுகளுக்கு மதிப்பளிக்கும் விதமாக, ஒரு குதிரைவாலி அரிசி அளவு என்று தீர்மானம் எழுதினார்கள்.

டாக்டரம்மா ஒரு தூள்கூட ஆகாது என்றதை வேணி சொன்னாள். அது மருத்துவத்தின் தூள், இது இறையியலின் துணுக்கு என்று தனிஸ்லாஸ் விளக்கினார்.

புதுநன்மை அன்று தனிஸ்லாஸே மேற்பார்வைக்கு வந்திருந்தார். முதல் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். வேணிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் வெள்ளை உடுப்பு தைத்தாயிற்று. சொந்தம் பந்தமெல்லாம் மல்லாங்கிணறு வரைக்கும் சொல்லியாயிற்று. பிள்ளையும் ஒரு வருடமாக மந்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டு காத்திருந்தாள். இவ்வளவு படித்தவர்கள் சொல்வதில் ஏதாவது இருக்கும் என்று அருளானந்து சொன்னான். அவள் தலையாட்டினாள். பின்னால் அந்தத் தலையாட்டலை நினைத்துத்தான் அதிகம் அழுதாள்.

பிருந்தா முறை வந்தபோது இன்னாசி சாமி ஒரு துணுக்கைக் கிள்ளினார். தனிஸ்லாஸ் எழுந்து வந்து உற்றுப் பார்த்து, இது போதாது, சந்தேகத்துக்கு இடமளிக்கும் என்று காதில் சொன்னார். சாமி இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கிள்ளினார். அதுவும் ஐயத்துக்குரியது என்றார். கடைசியில் ஏறக்குறைய அரை அப்பம் பிள்ளையின் நாக்குக்குப் போனது.

பூசை முடிந்து, வாழ்த்துரைகள் முடிந்து, குரூப் போட்டோ எடுக்கிற நேரத்தில் பிருந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த கம்பங்கூழ், மஞ்சள் நீர், அப்புறம் வெறும் நுரை. வெள்ளை உடுப்பெல்லாம் வழிந்தது. எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் சண்முகவடிவின் கோழி ஒன்று ஓடிவந்து அதைக் கொத்த ஆரம்பித்தது.

தனிஸ்லாஸ் அலறினார். வெள்ளூரணிப்பட்டியில் ஒரு குரு ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. பிள்ளையிடம்தான் ஓடுகிறார் என்று வேணி நினைத்தாள். அவர் பிள்ளையைத் தாண்டி ஓடினார்.

"கோழியப் பிடிங்க" என்று கத்தினார். அந்த ஒரு முறைதான் அவர் வாயில் பேச்சுத்தமிழ் வந்தது.

சபையில் பாதி கோழிக்குப் பின்னால் போனது. அருளானந்து பிள்ளையைத் தூக்கி பைக்கில் மனைவி மடியில் வைத்து அருப்புக்கோட்டைக்கு விரட்டினான். பழமங்கலம் விலக்கு வரும்போது பிருந்தாவுக்கு நினைவு தப்பியிருந்தது.

கோழி பிடிபட்டது. அதைப் பூசை உடுப்பு மாற்றும் அறையில் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து, முன்னால் விளக்கேற்றி வைத்தார்கள். கோழி கொத்தியது போக மிச்சமிருந்ததை தனிஸ்லாஸ் முழங்காலில் நின்று, மண்ணோடு கரண்டியால் சுரண்டி, பித்தளைச் செம்பில் போட்டு மூடி முத்திரை வைத்தார். சித்திரை வெயில். மூன்றாம் நாள் அந்த அறைக்குள் யாரும் போக முடியவில்லை. சாம்பிராணி போட்டார்கள். நாற்றம் சாம்பிராணியோடு சேர்ந்து, கோயில் முழுவதும் நிதானமாகப் பரவி, பீடத்துத் துணியில் ஏறிக்கொண்டது.

மன்றம் அவசரமாகக் கூடியது. அந்தப் பழைய பள்ளியில், நற்கருணையை எலி தின்றால் எலி தின்பது எதை என்று ஒரு பெரிய கேள்வி இருந்தது. சிலர் ஆண்டவரை என்றார்கள். சிலர் அப்பத்தை என்றார்கள். ஓர் ஆசிரியர், அது கடவுளுக்கே தெரியும் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மன்றத்தில் அந்த ஆசிரியருக்கு மதிப்பில்லை. எலிக்குச் சொன்னது கோழிக்குப் பொருந்துமா என்பதே முதல் இரண்டு நாளுக்கு ஓடியது. எலிக்குப் பல் உண்டு, கோழிக்கு இல்லை. மூன்றாம் நாள் கோழி முட்டையிட்டது. விவாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

சண்முகவடிவு தினமும் வந்து கோழியைக் கேட்டாள். தன் கோழி இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை, அதன் மேல் சர்ச்சுக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது என்றாள். அவள் சொன்னது மன்றத்தின் குறிப்பேட்டில் நான்காவது மறுப்பாகச் சேர்க்கப்பட்டது.

ஐந்தாம் நாள் தனிஸ்லாஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிருந்தா கையில் குளுக்கோஸ் ஊசியோடு கிடந்தாள். அத்தனை மாதம் ஏறிய எடையில் மூன்று கிலோ போய்விட்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு படிவத்தை விரித்தார்.

"மகளே, அப்பத்தை மென்றாயா, அப்படியே விழுங்கினாயா?"

பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. இப்ப எப்படி இருக்கான்னு கேக்க மாட்டீகளா சாமி என்று வேணி கேட்டாள்.

"அதை மருத்துவர் சொல்வார்" என்றார் தனிஸ்லாஸ். "எங்களுக்கு வேண்டியது வாந்தியின் விவரம். அதில் அப்பம் அப்பமாகத் தெரிந்ததா என்பதைப் பொறுத்துத்தான் ஆண்டவர் அங்கே இருந்தாரா என்று சொல்ல முடியும்."

வேணி சொன்னாள். நிறம், கெட்டி, எதில் எது கலந்திருந்தது, எத்தனை தடவை, கடைசியில் பச்சையாக எப்படி வந்தது, உடுப்பில் எங்கெல்லாம் காய்ந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் இட்லி தின்றுகொண்டிருந்தவர் பொட்டலத்தை மூடிவிட்டு வெளியே போனார். தனிஸ்லாஸ் மட்டும் எழுதிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல் என்றார்.

தீர்ப்பு அறுபத்திரண்டு பக்கம் வந்தது. ஐம்பத்தொன்பது பக்கம் கோழிக்கு. கோழி குற்றமற்றது. இரைப்பையில் கல்லோடு அரைபட்ட நிமிடத்திலேயே அப்பத்தின் தோற்றம் அழிந்து ஆண்டவர் விலகிவிட்டார், எனவே முட்டை வெறும் முட்டையே. சண்முகவடிவு கோழியைத் தூக்கிக்கொண்டு, முட்டையை அந்த அறை வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டுப் போனாள்.

பிருந்தா அறுபத்தொன்றாம் பக்கத்தில் வந்தாள். பழைய பள்ளியின் விதிப்படி நற்கருணைக்கு முந்தைய நடுநிசியிலிருந்து நோன்பிருக்க வேண்டும். தாய் அன்று காலை கூழ் கொடுத்திருக்கிறாள். வாந்தி கூழால் வந்தது. கோதுமையால் வந்திருக்க முடியாது, ஏனெனில் உட்பொருளில் அங்கே கோதுமையே இல்லை. இதைத் தாய் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், பிள்ளையின் பெயர் புதுநன்மைப் பதிவேட்டில் ஏறும்.

வேணி மறுபடியும் காரியாபட்டிக்கு பஸ் ஏறினாள். இந்த முறை கைகட்டவில்லை.

"வயித்தக் கெடுக்கிற ஆற்றல் அப்படியே நிக்கும்னு இதே ரூமுலதான சொன்னீக?"

"அது கேள்வியின் நிலையில் சொன்னது" என்றார் பெலவேந்திரம் பொறுமையாக. "இது விடையின் நிலை. நீ எளியவள், உனக்குப் புரியாது. உன்னைப் போன்றவர்களுக்குப் புரியாமல் இருப்பதற்காகத்தான் நாங்கள் இவ்வளவு உழைக்கிறோம்."

அவர் நாக்குத் தவறிச் சொன்னதாக அங்கே யாரும் நினைக்கவில்லை. ஒருவர் அதைக் குறித்துக்கூட வைத்துக்கொண்டார். வேணி பேனாவை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு மாதம் போனது. பிள்ளை தேறினாள். ஒரு புதன்கிழமை காலை, ஐந்தாறு பேர் மட்டும் இருந்த பூசையில், இன்னாசி சாமி பீடத்திலிருந்து இறங்கி வந்தார். கிண்ணத்தில் ஒரு சிறு வெள்ளிக் கரண்டியை முக்கி, பிருந்தாவின் வாயில் இரண்டு சொட்டு விட்டார். அவர் கண் கலங்கியிருந்ததை வேணி பார்த்தாள். பூசை முடிந்ததும் பதிவேட்டை எடுத்துப் பிள்ளையின் பெயரையும் தேதியையும் தன் கையாலேயே எழுதினார். மறைக்கவில்லை. பயந்த மனிதர்கள் ஒரு நாள் துணிந்தால் அதை ஒழுங்காகவே செய்கிறார்கள்.

பத்தாம் நாள் அவருக்கு மாற்றல் வந்தது. மன்றத்து நூலகத்தில் மறுபயிற்சி, காலம் குறிப்பிடவில்லை. பதிவேட்டில் பிருந்தா பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. கரண்டி என்பது கிண்ணமா என்ற கேள்வி பட்டியலில் ஏறியது. சாட்சி சொல்லப் பிள்ளையை அழைத்துவரச் சொன்னார்கள்.

வேணி கூட்டிப்போனாள். ஐந்து பேருக்கு முன்னால் பிருந்தா நின்றாள். பெலவேந்திரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முடிந்தவரை இனிமையாகக் கேட்டார்.

"கரண்டியில் நீ வாங்கியது யார் என்று உனக்குத் தெரியுமா, மகளே?"

"சாமி" என்றாள் பிருந்தா.

"எப்படித் தெரியும்?"

மறைக்கல்வியில் இதற்கு ஒரு பதில் உண்டு. அது அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"வயிறு வலிக்கலை" என்றாள்.

ஜன்னலோரம் நூலகப் புத்தகக் கட்டுகளோடு நின்றிருந்த இன்னாசி சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனிஸ்லாஸ் குனிந்து எழுதினார். அது இப்போது முதல் மறுப்பாக இருக்கிறது. 'அப்பத்தில் ஆண்டவர் இல்லை என்று தோன்றுகிறது, ஏனெனில் வயிறு வலிக்கிறது.' அதற்கு விடை காண அடுத்த தவக்காலத்துக்குப் பிறகு கூடுவதாகத் தேதி குறித்தார்கள். அதுவரை பிள்ளைக்கு எந்த வடிவிலும் நற்கருணை கொடுக்கக் கூடாது என்று கடிதம் போனது.

புதுப் பங்குச்சாமி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெள்ளூரணிப்பட்டிக்கு வந்தார். முதல் ஞாயிறு நற்கருணை நேரத்தில் எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். கூடப் படிக்கிற ஏழு பிள்ளைகளும் போனார்கள். பிருந்தா மட்டும் பாயில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வேணி போய் வாங்கிக்கொண்டு, வாயில் அப்பத்தோடு திரும்பி வந்து மகள் பக்கத்தில் முழங்காலிட்டாள். கண்ணைத் திறந்தபோது பிள்ளை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு வேணி எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான்காவது வாரம், பூசை முடிந்து வெளியே வரும்போது புதுச்சாமி அவளை நிறுத்தி, ஏதாவது பாவம் இருக்கிறதா, பாவசங்கீர்த்தனம் செய்யலாமே என்று தணிந்த குரலில் கேட்டார்.

"எங்கிட்ட பாவம் ஒண்ணும் இல்ல சாமி. எம்புள்ளைக்கு என்னைக்குக் குடுக்கிறீகளோ, அன்னைக்கு நானும் வாரேன்."

அப்படிச் செய்ய ஒரு தாய்க்கு உரிமை உண்டா என்று தனக்குத் தெரியவில்லை, மன்றத்துக்குத்தான் எழுத வேண்டும் என்றார் அவர்.

"எழுதுங்க சாமி" என்று சொல்லிவிட்டு, வேணி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.